அமாவாசைக்கு வட்டம் போட்ட காலண்டர்

அம்மா வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீலப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். வருகிறவர்கள் விரதக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு விரதப் பழக்கம் கிடையாது. அந்த நாட்களிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் எங்கள் ஊரோரக் கடற்கழியான காடியில் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும். மழைக்காலம் என்றால், எங்கள் சந்தின் கோடியில் இருக்கும் பொதுச் சண்டாஸின், அதாவது பொதுக் கழிப்பறையின், கடைசி நான்கு அறைகளில் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகாது. முதலில் அப்படியே நிற்கும், பிறகு மேலே வரும்.

பம்பாய்க் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றம் உச்சி வேளையிலும் நடுராத்திரியிலும் வரும். காலை ஆறு மணிவாக்கில் வற்றிக் கிடக்கும். இது எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். வட்டம் போட்ட நாளில் அம்மா ஏழு மணிக்குள் போய்விட்டு வந்துவிடுவாள். அப்புறம் சாயங்காலம்வரை அரை டம்ளர் டீயோடு சரி, தண்ணீர் குடிக்கமாட்டாள். அறுபது வயதைத் தாண்டியும், சர்க்கரை வியாதி வந்த பிறகும், டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன பிறகும் இப்படித்தான். அந்த வட்டங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊர் சீட்டா கேம்ப். மும்பையின் கிழக்கு ஓரம், மான்கூர்டைத் தாண்டி டிராம்பே போகும் சாலையில். ஒரு பக்கம் அணுசக்தி மையத்தின் மலை, இன்னொரு பக்கம் அலையாத்திக் காடும் தாணே காடியும். காடி என்று மராத்தியில் சொல்வதைத் தமிழில் கழி என்போம். கடல் நிலத்துக்குள் நுழைந்து படுத்திருக்கும் இடம். திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் என்று எல்லாப் பக்கத்துத் தமிழும் எங்கள் சந்துகளில் கேட்கும். பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், மாதா கெபி எல்லாம் கூப்பிடு தூரத்தில். கோளிகளின் மீன்பிடி ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் பிழைப்பது கழிவுநீரில். செம்பூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கடியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். 400 வீடுகள், நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் லிட்டர். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் கட்டடம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும் என்று 2006-இல் விதி வந்த பிறகு, பெரிய குடியிருப்புகளில் இப்படி ஒன்று இருப்பது வழக்கமாகிவிட்டது. மேலே இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கீழே இது ஓடுவதே தெரியாது. அவர்கள் ஃபிளஷ் செய்யும் தண்ணீர் முந்தாநாள் அவர்கள் குளித்த தண்ணீர்தான் என்று நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது காலையில் பார்க்கும் சிலிண்டர் சோதனை. காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு கண்ணாடிச் சிலிண்டரில் ஊற்றி, அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பேன். ஊற்றும்போது காப்பிப் பொடி கலந்த மாதிரி ஒரே பழுப்பு. ஐந்து நிமிஷத்தில் பொடிப்பொடியாகத் திரளும். பத்து நிமிஷத்தில் மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவு. அரை மணி முடிகிறபோது பழுப்பு எல்லாம் கீழே படிந்து, மேலே இருக்கும் தண்ணீர் வழியாக எதிர்ச்சுவரின் சுவிட்ச் தெரியும். பழுப்பு படிந்த கோடு 250-லிருந்து 300 மில்லிக்குள் நின்றால் அன்றைக்கு எனக்குக் கவலை இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் மழை பெய்த மண் வாசனை வரும். கறுத்துப்போய் முட்டை அழுகின வாடை வந்தால் உள்ளே இருக்கும் கிருமிகளுக்குக் காற்று போதவில்லை, புளோயரைப் பார்க்க வேண்டும்.

கிருமி என்றால் நமக்குக் கெட்ட வார்த்தை. இந்த வேலையில் அவைதான் வேலைக்காரர்கள். நான் காற்று ஊதுகிறேன், மற்றதை அவை பார்த்துக்கொள்கின்றன. இந்த முறையை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் உலகத்துக்குச் சொன்னார்கள். ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீரில் வாரக்கணக்காகக் காற்று ஊதினார்கள். தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன்மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். முதல் தடவை வாரக்கணக்கில் ஆன வேலை, போகப் போக ஒரே நாளில் முடிந்தது. என் முதல் மேஸ்திரி இதை எனக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்தார்: "உறை ஊத்துறோம்ல, அதேதான்." நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்து இன்றைய பாலில் விடுகிற அதே கணக்கு. தீபாவளிக்கு முன்னால் மாடி முழுக்க ஆசிட்டும் பினாயிலும் ஊற்றிக் கழுவுவார்கள். தொட்டியில் வெள்ளை நுரை பொங்கும், கிருமிகள் செத்துப்போகும். அப்போது பக்கத்துக் குடியிருப்பின் நிலையத்துக்குப் போய் இரண்டு டிரம் வண்டல் வாங்கி வருவேன். உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டுகிற மாதிரி.

இவ்வளவு பக்குவமாக 400 வீட்டுத் தண்ணீரைத் தெளிய வைத்துவிட்டு, சாயங்காலம் 6 மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தால் எங்கள் தண்ணீர் எங்கே போகிறது? சந்தின் நடுவில் ஓடும் சின்னச் சாக்கடையான கட்டரில், அங்கிருந்து பெரிய வடிகாலான நாலாவில், நாலாவிலிருந்து காடியில்.

அந்த நிலத்தின் கதை தெரிந்தால்தான் இது புரியும். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பம் ஜனதா காலனியில் இருந்தது, அணுசக்தி மையத்தின் ஓரமாக. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனி முழுவதும் அகற்றப்பட்டது. சுமார் 70,000 பேரைக் கொண்டுவந்து இறக்கிய இடம்தான் சீட்டா கேம்ப். சேறும் உவர்மண்ணுமாகக் கிடந்த காடியோரம். அம்மாவின் அப்பாவுக்குக் கிடைத்த மனை 10-க்கு 15 அடி. கல்லும் செங்கல் தூளும் கொட்டிக் கொட்டி மேடாக்கினார்கள். மூன்று அடி தோண்டினால் இன்றைக்கும் ஈரம் கசியும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

சாக்கடைக் குழாய்க்கு முதலில் வேண்டியது சரிவு. மலம் அடியில் தங்காமல் ஓட வேண்டும் என்றால் நூறு அடிக்கு ஓர் அடியாவது இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்திலிருந்து பெரிய சாலை 300 அடி. அப்படியானால் குழாய் அங்கே போய்ச் சேரும்போது மூன்று அடி ஆழம் கூடியிருக்க வேண்டும். மூன்று அடியில் எங்களுக்குக் கடல் இருக்கிறது. அதற்குமேல் பம்பு வைத்துத்தான் தூக்க வேண்டும். பம்புக்கு இடம் வேண்டும், கரண்ட் வேண்டும், ஆள் வேண்டும். வரைபடத்தில் கோடு போடுகிறவருக்கு இந்த மூன்று அடி தெரிவதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மும்பையில் தண்ணீர் வழங்கும் அளவு நீண்ட காலமாகவே கட்டடக் குடியிருப்புகளுக்கு ஆளுக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதிக்கு 45 லிட்டர். இதைத் தண்ணீர்ப் பிரச்சினை என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இது சாக்கடைப் பிரச்சினை. மனிதன் ஒரே மனிதன்தான், வெளியேற்றுகிற அழுக்கும் ஒன்றேதான். தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு என்றால் சாக்கடை மூன்று மடங்கு கெட்டி. ஏற்கெனவே சரிவில்லாத குழாயில் அந்தக் கெட்டிச் சாக்கடை எப்படி ஓடும்? அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். அடைத்ததும் "இவர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

குடிதண்ணீர்க் குழாயும் அதே கட்டர் ஓரமாகத்தான் வருகிறது. தண்ணீர் விடுகிற நேரம் போக மற்ற நேரம் குழாய் காலி. காலிக் குழாய் விரிசல் வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சும். அதனால் அம்மா முதல் குடத்தைப் பிடித்து மோரியில் கொட்டிவிட்டுத்தான் இரண்டாவது குடத்தை உள்ளே எடுத்து வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூக்கு சொல்லிக்கொடுத்தது.

ஜனதா காலனி என்றதும் ஜாக்கின் அற்புதத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கோலார் தங்க வயலில் பிறந்து, 1963-இல் பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர். காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு குப்பையைப் பொட்டலம் பொட்டலமாகத் தூக்கிப் போய் நகராட்சி அலுவலக வாசலில் கொட்டியவர். காலனியைக் காப்பாற்ற வருஷக்கணக்காக வழக்கு நடத்தினார். பிறகு தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு, ஸ்பார்க், மகிளா மிலன் என்ற அமைப்புகளோடு சேர்ந்து அவர் விடாமல் பேசியது கழிப்பறையைப் பற்றி. புதுக் கழிப்பறை திறப்பதைச் 'சண்டாஸ் மேளா' என்று திருவிழாவாகவே நடத்தினார்கள். 2000-இல் மகசேசே விருது வாங்கினார், 2018 அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். 1990-களின் நடுவில் உலக வங்கிக் கடனோடு மும்பையில் வந்த குடிசைப் பகுதிச் சுகாதாரத் திட்டம், கழிப்பறையைக் கட்டி அந்தத் தெருச் சங்கத்திடமே சாவியைக் கொடுப்பது என்ற கொள்கையில் நடந்தது. 50 பேருக்கு ஓர் இருக்கை என்பது அதன் கணக்கு. அந்தச் சாவிக் கொள்கை சரியானது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சண்டாஸில் 16 அறை, பயன்படுத்துவது 160 குடும்பம். சாவி ஓர் அக்காவிடம். ராமநாதபுரத்துக்காரர், கணவர் காலமானபின் இருபது வருஷமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய். வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் நீள நோட்டு. வயசுக்கு வந்த பெண் தனியாக வந்தால் அவள் வெளியே வருகிறவரை எழுந்து வாசலில் நிற்பார்.

பழைய செங்கல் தொட்டி விரிசல்விட்டுப் போனதால், சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர் வந்து அதை எடுத்துவிட்டு ஃபைபர் தொட்டி இரண்டு இறக்கினார். ஒவ்வொன்றும் 10,000 லிட்டர். பளபளவென்று இருந்தது. குழி வெட்டி, மணல் போட்டு, தொட்டியை வைத்து, மேலே மண் தள்ளி நாலு நாளில் முடித்துவிட்டார்கள். நான் டியூட்டி முடிந்து வந்து பார்த்தபோது "அடியில காங்கிரீட் போட்டு பெல்ட் கட்டலியா?" என்று கேட்டேன். "பத்து டன் வெயிட்டுங்க, எங்க போவப்போவுது" என்றார்.

பத்து டன் உள்ளே இருக்கிற தண்ணீரின் எடை. தொட்டியின் எடை சில நூறு கிலோ.

அடுத்த ஆடி மாதம் வண்டல் நிரம்பிவிட்டது. உறிஞ்சும் வண்டி வந்தது. பௌர்ணமிக்கு மறுநாள், பகல் பன்னிரண்டரை. இரண்டு நாள் மழை வேறு. வண்டிக்காரர் நல்ல மனிதர், முழுசாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்று முதல் தொட்டியை அடிவரை உறிஞ்சினார். ஹோஸை வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் தரை லேசாக விம்மியது என்று அக்கா சொன்னார். பிறகு கட்டில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம். மண்ணைப் பிளந்துகொண்டு தொட்டியின் முதுகு ஒன்றரை அடி மேலே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுற்றிலும் நிலத்தடித் தண்ணீர் ஏறியிருக்க, உள்ளே வெறும் காற்று. பாத்திரம் கழுவும் தொட்டியில் காலி டப்பாவை அமுக்கிப் பிடித்துக் கையை எடுத்தால் என்ன ஆகும், அதுதான் ஆயிற்று. எட்டு அறைகளிலிருந்து வரும் குழாய் அடியோடு முறிந்து, கழிவு எல்லாம் சந்துக்குள் வழிந்தது. ஏற்றமும் மழையும் சேர்ந்து அதை வாசல் வாசலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கள் வீட்டு உரல் வைக்கும் மூலைவரைக்கும் வந்தது. அம்மா மூன்று நாள் அந்தத் தரையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஒப்பந்தக்காரர் அன்று மாலையே ஒரு பையனை அனுப்பினார். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும், விழுப்புரத்துப் பக்கத்துத் தமிழ். கையில் கயிறு, ஹேக்சா பிளேடு, முகத்தில் கர்சீப். இரண்டாவது தொட்டிக்குள் இறங்கி இணைப்புக் குழாயை அறுக்க வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து காலை உள்ளே விட்டுவிட்டான். அக்கா ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"பத்து நிமிஷ வேலைக்கா, நாத்தம்கூட இல்லை."

"நாத்தம் இல்லைன்னுதான்டா சொல்றேன், வெளிய வா!"

மூடியை இழுத்துப் போட்டு, அதன்மேல் தன் சிவப்பு நாற்காலியை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எறங்கணும்னா என்னத் தள்ளிட்டு எறங்கு." இருட்டி எட்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பையன் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து அழுதான். வேலையை முடிக்காமல் போனால் சம்பளம் இல்லை. அம்மா அவனுக்குச் சோறு போட்டாள்.

அக்கா சொன்னது அனுபவத்தில் சொன்னது. அதன் காரணம் எனக்குத் தெரியும், பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்வார்கள். தொட்டிக்குள் மலம் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது முட்டை அழுகின வாடை. அளவு ஏறினால் மூக்கின் நரம்பே மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும். அதற்குமேல் இரண்டு மூச்சு போதும். முதலில் இறங்கியவன் விழுவான், அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். பேப்பரில் வருகிற செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே சாவது இதனால்தான்.

மனிதனை இப்படி இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2014 தீர்ப்பு வந்த வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன, துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாயி கர்மசாரி ஆந்தோலனின் பெஸ்வாடா வில்சனும் கோலார் தங்க வயலில் பிறந்தவர்தான். 2016-இல் அவருக்கும் மகசேசே. கழிப்பறை வேண்டும் என்று போராடியவரும், கழிப்பறைக் குழியில் மனிதன் சாகக்கூடாது என்று போராடுகிறவரும் ஒரே சுரங்க ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். சட்டம் இருந்தும் அன்றைக்கு எங்கள் சந்தில் அந்தப் பையன் உயிரோடு திரும்பிப் போனது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால்.

கடலுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காடியில் வலை போடும் கோளிப் பெரியவர் ஒருவர் எங்கள் சந்து வழியாகத்தான் ஜெட்டிக்குப் போவார். மடவை மீனை அவர்கள் 'போயி' என்பார்கள். முன்பு கரையோரமே மடவை கிடைத்தது, இப்போது டீசல் போட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது என்பார். சாக்கடையில் இருக்கும் அழுக்கைக் கிருமிகள் தின்னும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மீனுக்கு மிஞ்சாது. இதே காரியத்தை நான் தொட்டிக்குள் செய்கிறேன், ஆனால் புளோயரால் காற்றைக் கொடுத்துவிட்டுச் செய்கிறேன். காடிக்கு யார் புளோயர் வைப்பார்கள்? அலை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உள்கோடியில் கொண்டுபோன அழுக்கையே திரும்பக் கொண்டுவரும்.

அதே காடிக்குக் கார்த்திகை வாக்கில் பூநாரைகள் வரும். ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். 2015-இல் சரணாலயம், 2022-இல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். சாக்கடைச் சத்தில் செழிக்கும் பாசிக்காகத்தான் இவ்வளவு வருகின்றன என்று பறவை ஆராய்ச்சிக்காரர்களில் பலர் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டும்போது அந்த இளஞ்சிவப்பைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பூநாரை வருவதைக் காட்டிக் காடி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், சண்டை போடாமல் வரமாட்டேன்.

சட்டமே கடலைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்த்திருக்கிறது. கழிவுநீரின் அழுக்கை பிஓடி என்ற அளவில் சொல்வோம், அதைத் தின்ன கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. பழைய பொது விதியில் ஆறு, ஏரிக்கு விடுவதானால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், கடலுக்கானால் 100 வரைக்கும் போகலாம். கடல் பெரிது, கலந்துவிடும் என்ற எண்ணம். வொர்லியிலும் பாந்த்ராவிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் சுரங்கக் குழாய் போட்டுத் தள்ளியதும் அந்த எண்ணத்தில்தான். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 மில்லிகிராம் என்று இறுக்கியது. 2023 ஜனவரியில் வொர்லி, பாந்த்ரா, தாராவி, மலாட், வெர்சோவா, காட்கோபர், பாண்டுப் என்று ஏழு இடத்தில் புதிய நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் நாளுக்கு 246 கோடி லிட்டர், அதில் எங்கள் பக்கத்து காட்கோபருக்கு 33 கோடியே 70 லட்சம். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் முழுச் சந்தோஷம். வரட்டும், சீக்கிரம் வரட்டும்.

ஆனால் நிலையம் குழாயில் வந்து சேரும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்யும். எங்கள் 160 குடும்பத்து 800 பேரின் தண்ணீர் நாளுக்கு சுமார் 29,000 லிட்டர். 45-இல் 80 சதவீதம் சாக்கடையாகும் என்று வைத்துப் பார்த்தால் வருவது அவ்வளவுதான். அது அந்த 300 அடியைத் தாண்டினால்தான் காட்கோபருக்குப் போகும். முழுச் சாக்கடையையும் அப்படியே குழாயில் விடாமல், கெட்டியை எல்லாம் தெருத் தொட்டியிலேயே தங்கவைத்துவிட்டுத் தெளிவை மட்டும் சின்னக் குழாயில் அனுப்பினால் இவ்வளவு சரிவு வேண்டாம். மலம் இல்லாத தண்ணீர் மெதுவாகப் போனாலும் அடைக்காது. தெளிவைத் தூக்க ஒரு சின்னப் பம்பு போதும். கல்வாழைப் பாத்தியில் விட்டுச் சுத்தம் செய்யலாமே என்று ஒரு தன்னார்வத் தம்பி அழகான படம் காட்டினார். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்றாலும் 800 சதுர மீட்டர் வேண்டும். எங்கள் சந்து மொத்தமும் அவ்வளவு இருக்காது. எங்களுக்கு ஆகிற வழி தரைக்கடியில், நடைபாதைக்குக் கீழே, தடுப்புச் சுவர் வைத்த தொட்டி. அதை எங்கே வைக்கலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடி அளந்து காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். கேட்கிற அலுவலகத்துக்கெல்லாம் கொடுப்பேன்.

அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் கையில் இருந்ததை வைத்துத் தொட்டியைச் சரிசெய்தோம். வீட்டுக்கு 500 ரூபாய், மீதி அக்காவின் நோட்டுக் கணக்கில் சேர்ந்திருந்த பணம். மண்ணைத் தோண்டித் தொட்டியை மறுபடி மட்டத்துக்கு உட்காரவைத்து, அடியில் காங்கிரீட் தளம், அதில் கொக்கி, கொக்கியில் பெல்ட். உள்ளே ஒரு தடுப்பு, வெளியே போகும் குழாயில் கடல் தண்ணீர் திரும்ப ஏறாமல் மூடிக்கொள்ளும் வால்வு. தோண்டுவதற்கு நாள் பார்த்தது அம்மா. அஷ்டமியிலும் நவமியிலும் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். ஆனால் அந்த நாட்களில்தான் காடியின் ஏற்றம் மிகக் குறைவு, குழிக்குள் தண்ணீர் ஊறாது. காங்கிரீட்டை நவமியன்று காலையில் போட்டோம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

வால்வு வழியாக வந்த தண்ணீரை ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து, பின்னால் தினசரிப் பேப்பரை வைத்துப் பார்த்தேன். தலைப்பைப் படிக்க முடிந்தது, கீழே இருந்த சின்ன எழுத்தைப் படிக்க முடியவில்லை. என் நிலையத்துத் தண்ணீரில் சின்ன எழுத்தும் தெரியும். ஆடி அமாவாசை உச்சி வேளையில் கடைசி இரண்டு அறைகளில் இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீர் நிற்கிறது. தொட்டியிலிருந்து வெளியே போவது இன்னும் காடிக்குத்தான் போகிறது.

வண்டலை அளக்க அக்காவுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தேன். ஒன்பது அடி மூங்கில் கம்பு, கீழே நாலு அடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டியது. மெதுவாக அடிவரை இறக்கி, மூன்று நிமிஷம் வைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். துண்டில் கறுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு வண்டல். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வண்டியைக் கூப்பிட வேண்டும், அதுவும் அஷ்டமி நவமிக்கு. முழுசாக உறிஞ்சக் கூடாது, அடியில் கொஞ்சம் விட வேண்டும். "எதுக்கு விடணும்?" என்று கேட்டார். "உறைக்கு" என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

இப்போது அம்மாவின் காலண்டரில் நீல வட்டத்தோடு சிவப்பு வட்டமும் இருக்கிறது. போன நவமிக்கு நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அக்கா வாசலில் நின்று கம்பைக் காட்டினார். துண்டில் ஒரு ஜாண் அளவு கறுப்பு. "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும், எழுதிக்கோங்க மதினி" என்றார். அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் பக்கம் போனாள்.